யார் சொன்னது, யாருக்குச் சொன்னது?

"சித்தி, இந்தப் பாட்டுல சாமி பாட்டெல்லாம் வருதா?"

என் அக்கா பையன் கேட்டான். ப்ளஸ் ஒன் படிக்கிறான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கார்ல போய்க்கிட்டு இருந்தோம். 'தளபதி' படத்துல வர்ற 'ராக்கம்மா கையத் தட்டு' ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆரம்பத்துல அந்த வயலின் வந்ததுமே பின்சீட்டுல இருந்து "ஏய், இது எனக்குத் தெரியும்!"னு குதிச்சான். ரீல்ஸ்ல அவன் அதை அவ்வளவு தடவை கேட்டிருக்கான். பைக் ஓட்டறவங்களுக்குப் பின்னாடி, நாய்க்குட்டி ஓடறப்போ, மாப்பிள்ளை மண்டபத்துக்குள்ள நுழையறப்போன்னு எல்லாத்துக்கும் அதே வயலின்.

ஆனா பாட்டு பாதியைத் தாண்டி, அந்தக் கொண்டாட்டம் எல்லாம் அப்படியே அடங்கி, உள்ளே இருந்து அப்பர் தேவாரம் எழுந்து வந்ததும் பையன் பேச்சை நிறுத்திட்டான். அப்பத்தான் அந்தக் கேள்வி.

பாட்டு முழுசா 7 நிமிஷம் இருக்கும். 1991-ல வந்தது. 2002-ல பிபிசி உலக சேவை நடத்துன வாக்கெடுப்புல உலகப் பாட்டுகள் வரிசைல 4-வது இடம் வாங்கிச்சு. ஒரு குத்தாட்டத்துக்குள்ள தேவாரத்தைக் கொண்டு வந்து வைக்க இளையராஜாவுக்குத் தோணுச்சே, அந்த இடத்துக்காகத்தான் நான் அந்தப் பாட்டையே கேக்கறது. முன்னாடி வர்ற ஆட்டம் அத்தனையும் இருந்தாத்தான் அந்த அமைதி அமைதியா கேக்கும். அவனுக்கு இத்தனை வருஷமா கிடைச்சதோ வெறும் வாசல்கதவு.

எனக்குக் கோபம் வந்துச்சு. அவன் மேல இல்ல. இந்தக் குட்டி வீடியோ ஏற்பாட்டு மேல.

நான் இப்ப அதெல்லாம் பாக்கறது இல்ல. விட்டுட்டேன். ஏன்னு நிறைய பேர் கேட்டாச்சு. அதான் உக்காந்து எழுதறேன். (நீளமாத்தான் வரும். டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.)

முதல்ல ஒண்ணு. எல்லாரும் சொல்ற காரணம் என்னோடது இல்ல. "கவனம் சிதறிப்போச்சு, யாராலயும் எதையும் முழுசா பாக்க முடியல"ன்னு சொல்றாங்க. இதை ஆராய்ச்சி பண்ற குளோரியா மார்க்னு ஒரு பேராசிரியை கலிஃபோர்னியாவுல இருக்காங்க. 2004-ல ஒருத்தர் கண்ணு ஒரு திரைல சராசரியா இரண்டரை நிமிஷம் நிலைச்சுதாம், இந்தச் சில வருஷங்கள்ல அது 47 நொடியா சுருங்கிடுச்சுன்னு அவங்க கணக்கு சொல்லுது. இருக்கட்டும், நான் மறுக்கல. ஆனா அன்னைக்குக் கார்ல அந்தப் பையன் 7 நிமிஷமும் கேட்டான். முடிஞ்சதும் "இன்னொரு தடவை போடுங்க சித்தி"ன்னான். அவன்கிட்ட கவனம் நிறையவே இருக்கு. அதைக் குடுக்கற மாதிரி ஒண்ணை யாரும் அவன் முன்னாடி வைக்கல, அவ்வளவுதான்.

சின்னதா இருக்கறதும் குத்தம் இல்ல. நம்மகிட்ட போய் யாராவது சுருக்கமா இருந்தா ஆழம் இருக்காதுன்னு சொல்ல முடியுமா? ஏழு சீர்ல குறளை வச்சிருக்கற ஊர் இது. குறுந்தொகைப் பாட்டெல்லாம் பெரும்பாலும் 4 அடியில இருந்து 8 அடி வரைக்கும்தான். ஆனா அந்தப் பாட்டைப் புத்தகத்துல பாருங்க. தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னதுன்னு கூடவே ஒரு குறிப்பு இருக்கும். யாரு, யார்கிட்ட, எந்த நேரத்துல. இந்த மூணும் தெரிஞ்சதும் அந்த 5 வரி நமக்குள்ள ஒரு முழு வீட்டையே கட்டிடும்.

இந்த மூணையும் புடுங்கிட்டா என்ன மிஞ்சும்? அதைத்தான் நாம ராத்திரி எல்லாம் கட்டைவிரலால தள்ளிக்கிட்டு இருக்கோம்.

இதை எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, பழைய எஸ்எம்எஸ் ஞாபகத்துல இருந்து. 160 எழுத்துன்னு ஒரு எல்லை இருந்துச்சே, அது எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு நாள் தேடிப் படிச்சேன். 1985-ல ஜெர்மனில ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட்னு ஒரு பொறியாளர், தன் வீட்டுல டைப்ரைட்டர் முன்னாடி உக்காந்து சாதாரணமா மனுஷங்க சொல்ற, கேக்கற வாக்கியங்களா தட்டி எண்ணிப் பாத்திருக்கார். பெரும்பாலும் 160-க்குள்ள அடங்குது. அப்புறம் போஸ்ட் கார்டுகளை எடுத்துப் பாத்தா, நிறைய 150-க்குள்ளயே முடிஞ்சிருக்கு. சரி, 160 போதும்னு முடிவு பண்ணிட்டாங்க.

எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அந்த எல்லையை, ஒருத்தர் இன்னொருத்தருக்கு எழுதறதை அளந்து வச்சிருக்காங்க! போஸ்ட் கார்டுன்னா ஒரு பக்கம் முகவரி இருந்தே ஆகணும் இல்லையா?

(தமிழ்ல அனுப்பினா 160 கிடையாது, 70 தான். அதுலயும் புள்ளி வச்ச எழுத்து ஒவ்வொண்ணும் ரெண்டாக் கணக்காகும். "பொங்கல் வாழ்த்துக்கள்"னு அனுப்பறதுக்குள்ள பாதி இடம் புள்ளிக்கும் கொம்புக்குமே போயிடும். அதனாலதான் நம்ம தலைமுறை தமிழை இங்கிலீஷ் எழுத்துல தட்டிப் பழகிச்சு. அது வேற வருத்தம், இன்னொரு நாள் எழுதறேன்.)

2006-ல ட்விட்டர் வந்தப்போ அந்த 160-ல 20 எழுத்தைப் பேருக்குன்னு ஒதுக்கி வச்சாங்க. மிச்சம் 140. அதாவது அந்தச் சின்ன இடத்துலயும் எட்டுல ஒரு பங்கு "யார் சொன்னது"ங்கறதுக்கு. நான் அந்தக் காலத்து ஆளு. 140-ல எழுதறதை ரசிச்சவ. அப்ப அதை வெறுமைன்னு நான் ஒரு நாளும் நினைச்சது இல்ல.

2015 டிசம்பர் ஞாபகம் இருக்கா?

சென்னைல இருந்தவங்களுக்கு மறக்காது. செம்பரம்பாக்கம் ஏரி திறந்து, அடையாறு பொங்கி, விமான நிலையத்தையே மூடின வெள்ளம். 1878-ல ஆரம்பிச்ச 'தி இந்து' பத்திரிகை அந்த டிசம்பர் 2-ம் தேதி சென்னைல அச்சாகவே இல்ல, ஆளுங்க அச்சகத்துக்குப் போகவே முடியல. பேப்பர் வராத அந்த நாள்ல எங்களுக்குச் செய்தி வந்தது இந்தக் குட்டிக் குட்டி வரிகள்லதான்.

எங்க வீடு மேடு, தண்ணி வரல. போன்ல சார்ஜ் இருக்கற வரைக்கும் உக்காந்து பட்டியல் சேத்துக்கிட்டு இருந்த கூட்டத்துல நானும் ஒருத்தி. கோட்டூர்புரம், இரண்டாவது மாடி, வயசானவங்க ரெண்டு பேர், ஒருத்தருக்கு சர்க்கரை, படகு வேணும், போன் நம்பர் இது, சாயங்காலம் 4 மணி நிலவரம். இப்படித்தான் ஒவ்வொண்ணும் வரும். "சரிபாத்தாச்சு"ன்னு ஒருத்தர் சேர்ப்பார். வேற எங்கயோ இருக்கற ஒருத்தர் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசுவார்.

இதுல என் மனசுல தங்கிப்போன வரி எது தெரியுமா? "மீட்டாச்சு. இனிமே இதைப் பகிராதீங்க."

பகிராதீங்க! வேலை முடிஞ்சிடுச்சு, இந்தச் செய்தி இனி ஓட வேண்டாம், அந்த இடம் இன்னொருத்தருக்கு வேணும். நான் பாத்ததுலயே உயர்ந்த சமூக ஊடகம் அதுதான். 140 எழுத்துக்குள்ள ஒரு வீடு, ஒரு மாடி, ஒரு மனுஷர், ஒரு மணி நேரம் எல்லாம் இருந்துச்சு.

இப்பவும் மழை பெய்யுது. பெஞ்ச உடனே குடும்ப குரூப்புல வீடியோ வந்து விழுது. கார் மிதக்குது, பாலம் உடையுது, சோகமா ஒரு பின்னணி இசை. எந்த ஊர்? எந்த வருஷம்? எடுத்தது யாரு? யாருக்கும் தெரியாது. எங்க பெரியம்மா பதறிப்போய் போன் பண்றாங்க, "உங்க பக்கமாடி அது?"ன்னு. பாத்தா நம்ம நாடே இல்ல. அந்த வீடியோவுல தண்ணில தவிக்கறவரு ஒரு நிஜமான மனுஷர். அவருக்கு உதவி தேவைப்பட்டிருக்கும். அவர் ஊர்ப் பேரைக் கூட எடுத்துட்டு, அவரை நமக்கு வேடிக்கையாக் குடுத்துட்டாங்க.

எப்ப மாறுச்சு இது?

நான் பாத்த வரைக்கும் 2016-ல. அந்த வருஷம் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் பதிவுகளை நேர வரிசைல காட்டறதை விட்டுட்டு, நமக்கு எது பிடிக்கும்னு அவங்களே கணக்குப் போட்டு அடுக்க ஆரம்பிச்சாங்க. அதுல முதல் ஆணி கழண்டுச்சு. "எப்போ"ங்கறது போச்சு.

அடுத்தது "யாரு". அதுக்கு டிக்டாக் வழி காட்டுச்சு. நீ யாரையும் பின்தொடர வேண்டாம், திறந்தாலே போதும், நாங்க காட்டறோம். (நியாயமா ஒண்ணு சொல்லணும். டிக்டாக் இங்க ஓடின காலத்துல அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் இருந்துச்சு. வயக்காட்டுல நின்னு, சமையக்கட்டுல நின்னு, கேமரா பக்கமே வராத நம்ம ஜனங்க ஆடிப் பாடினாங்க. டிவில அவங்களுக்கு இடமே இருந்தது இல்ல. சும்மா கிராமத்து ஆளுங்கன்னு கிண்டல் பண்ணவங்களோட எனக்கு அன்னைக்கும் உடன்பாடு இல்ல, இன்னைக்கும் இல்ல.) 2019 ஏப்ரல்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டு, அதே மாசம் நீக்குச்சு. 2020 ஜூன் 29-ம் தேதி மத்திய அரசு இன்னும் 58 ஆப்களோட சேத்து மொத்தமா தடை பண்ணிடுச்சு. இடம் காலியாச்சு. ஜூலைல இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்க வந்துச்சு, செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ். ஒரு ஆப் போச்சு, அதோட பழக்கம் எல்லா ஆப்புக்குள்ளயும் குடியேறிடுச்சு.

அப்புறம் நம்ம சிநேகிதங்களுக்கு அங்க எவ்வளவு இடம் மிஞ்சுச்சுன்னு தெரியணுமா? அமெரிக்காவுல மெட்டா மேல ஒரு பெரிய ஏகபோக வழக்கு 2025-ல விசாரணைக்கு வந்துச்சு. அதுல அந்தக் கம்பெனியே எடுத்து வச்ச கணக்கு: ஜனங்க ஃபேஸ்புக்ல செலவழிக்கற நேரத்துல நண்பர்கள் போட்டதைப் பாக்கறது 17 சதவீதம். இன்ஸ்டாகிராம்ல 7 சதவீதம். நாங்க நண்பர்களுக்கான இடமே இல்லன்னு நீதிமன்றத்துல நிரூபிக்கறதுக்காக அவங்களே சொன்னது இது. படிச்சதும் போனைக் கீழ வச்சுட்டேன்.

விட்டது ஒரே நாள்ல இல்ல. என்னென்னவோ பண்ணிப் பாத்தேன். நேரக் கட்டுப்பாடு வச்சேன். "இன்னைக்கு உங்க நேரம் முடிஞ்சது"ன்னு வரும், அதுக்குக் கீழயே "இன்னும் 15 நிமிஷம்"னு ஒரு பட்டன் வரும். கதவையும் பூட்டி சாவியையும் கையிலயே குடுத்தா யாரு வெளில நிப்பாங்க? திரையைக் கறுப்பு வெள்ளையா மாத்தச் சொன்னாங்க. மாத்தினேன். வத்தக்குழம்பு வீடியோ எல்லாம் தார் ரோடு போடற மாதிரி இருந்துச்சு. அது கொஞ்ச நாள் நல்லாவே வேலை செஞ்சுது, உண்மையைச் சொல்லணும். ஆனா பேங்க் ஆப்ல சிவப்பு எது பச்சை எதுன்னு தெரியாம போனதால திருப்பி மாத்த வேண்டியதாப் போச்சு.

அப்புறம் "நல்லதை மட்டும் பாப்போம்"னு ஒரு வழி. கோயில், கல்வெட்டு, வரலாறு. எனக்கு ஆசையான விஷயங்கள். அங்கதான் ஆட்டம் முடிஞ்சுது.

தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பத்தி ஒரு வீடியோ. "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது!" கீழ ஆயிரக்கணக்குல இதயம். நான் தஞ்சாவூர்ல வளர்ந்தவ. சாயங்காலம் அந்த விமானத்தோட நிழல் கிழக்கால முற்றத்துல நீளமா விழும். வெயில்ல கல்லு சுடும், அதனால நாங்க அந்த நிழலாப் பாத்துத்தான் உக்காந்து புளியோதரை சாப்பிடுவோம். 200 அடிக்கு மேல உயரமான ஒரு கட்டடத்துக்கு நிழல் இல்லன்னு சொன்னா அது அதுக்குப் பெருமையா?

பொய்யி கூட அவ்வளவு வலிக்கல. அதே கோயில் சுவர்ல நிஜமான அதிசயம் இருக்கு, அதைச் சொல்ல அந்த வீடியோவுக்கு மனசு வரல, அதுதான் வலிச்சுது. ராஜராஜன் 1010-ல கட்டி முடிச்ச கோயில். அங்க ஆடறதுக்குன்னு சோழநாட்டுக் கோயில்கள்ல இருந்து 400 பெண்களை அழைச்சுட்டு வந்து குடிவச்சான். தளிச்சேரிப் பெண்டுகள்னு சொல்றது. அந்த 400 பேரையும் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. சும்மா 400 பேர்னு இல்லீங்க. ஒவ்வொருத்தரா. எந்தத் தெரு, தெருவுல எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு, பேர் என்ன, எந்த ஊர்ல எந்தக் கோயில்ல இருந்து வந்தவங்க. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல்லு.

ஒரு ஆளுக்கு ஒரு வரிதான். ரீல்ஸை விடச் சின்னது. ஆயிரம் வருஷம் கழிச்சு, திருவாரூர்ல இருந்து வந்த ஒரு பொண்ணு அந்தத் தெருவுல எந்த வீட்டுல இருந்தாங்கன்னு என்னால சொல்ல முடியுது! அவங்க முகம் தெரியாது, ஆடினது எப்படின்னு தெரியாது, ஆனா அவங்க இருந்தாங்கங்கறது தெரியும். நேத்து ராத்திரி நீங்க பாத்த வீடியோவுல ஆடின பொண்ணு எந்த ஊர்னு சொல்லுங்க பாப்போம்.

அன்னைக்கே எல்லாத்தையும் போன்ல இருந்து எடுத்துட்டேன்.

எங்க மாமியார்கிட்டயும் இதைப் பேசினேன். அவங்க சாப்பாட்டுக்கப்புறம் ஒரு மணி நேரம் பாப்பாங்க. சிரிப்பாங்க, ஐயோ பாவம்பாங்க, கண்ணு கலங்குவாங்க, உடனே அடுத்ததுக்குச் சிரிப்பாங்க. "எதுக்குமா அழுதீங்க?"ன்னு கேட்டா யோசிச்சுப் பாத்துட்டு "அது என்னமோ வந்துச்சு"ம்பாங்க. பந்தில உக்கார வச்சு, முதல் வாய் எடுக்கறதுக்குள்ள இலையை உருவிட்டு அடுத்த இலையைப் போடற மாதிரி இருக்கு எனக்கு. அந்தக் கண்ணீர் நிஜம். யாருக்காக விட்டோம்னு கூடத் தெரியாம அதை வாங்கிட்டுப் போயிடறாங்களே, அதைத்தான் என்னால பொறுக்க முடியல. அவங்க சீரியல் பாத்து அழுதப்போ கூட மறுநாள் காலைல அந்தக் கதாபாத்திரத்தைத் திட்டறதுக்காவது ஒரு பேர் இருந்துச்சு.

சரி, விட்டதுக்கப்புறம் என்ன பண்றேன்னு கேப்பீங்க. அந்த நேரம் எல்லாம் புத்தகமா மாறிடுச்சுன்னு கதை விட மாட்டேன். பாதி நேரம் சும்மா இருக்கேன். சும்மா இருக்கறது நல்லாத்தான் இருக்கு. மீதியில போன் பேசறேன்.

திருச்சில என்கூட ஹாஸ்டல்ல இருந்த ஒரு சிநேகிதி. பேசி ரொம்ப வருஷம். ஆனா ஒரு ஆப்புல ரெண்டு பேரும் இருந்தோம், அதனால தொடர்புல இருக்கோம்னு நினைப்பு. போன மாசம் கூப்பிட்டேன். எடுத்த உடனே அவ சொன்னது, "அப்பா போனதுக்கு நீ ஒரு வார்த்தை கேக்கலையேன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்டி."

எனக்குத் தெரியவே தெரியாது. அவ போட்டோவோட எழுதிப் போட்டிருக்கா. அந்த வாரம் நான் அதுல தினமும்தான் இருந்தேன். எனக்கு வந்ததெல்லாம் பூனையும் புடவைக் கடையும். அவ எழுதினது என் கண்ணுலயே படல. படலன்னு அவளுக்கும் தெரியாது. நான் பாத்துட்டுப் பேசாம இருக்கேன்னே அவ நினைச்சிருக்கா, மாசக்கணக்குல.

அவங்க அப்பா பொன்மலை ரயில்வே பணிமனைல வேலை பாத்தவர். ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலுக்கு வந்தா அவளுக்கு ஒரு சம்புடம், எனக்குத் தனியா ஒரு சம்புடம் முறுக்கு. "உங்க ஊர் முறுக்கு மாதிரி வருமா பாரும்மா"ன்னு கேப்பார். அன்னைக்கு நாங்க பேசினது முழுக்க அவரைப் பத்தித்தான். கடைசிக் காலத்துல எந்த இன்ஜின் எந்த வருஷம் பணிமனைக்கு வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டே இருந்தாராம். அவ பையன் அதைப் பத்திரமா வச்சிருக்கானாம். நடுவுல ரெண்டு பேரும் அழுதோம், அவர் ஹாஸ்டல் வார்டன்கிட்ட போட்ட சண்டையைச் சொல்லிச் சிரிச்சோம். காது சூடாயிடுச்சு, சார்ஜர் போட்டுப் பேசினோம்.

வருஷ திதிக்கு வரேன்னு சொல்லியிருக்கேன். ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு. அந்த நோட்டை எனக்குக் காட்டறேன்னு சொல்லியிருக்கா.